திரும்ப அழைக்க முடியாத ஆயுதம்: முகமாலை மிதிவெடி நிலம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தொழில்நுட்பம் வளர வளர மனிதனுடைய பலமும் வளர்கிறது, அந்தப் பலத்தை நல்லதற்குப் பயன்படுத்துகிறோமா கெட்டதற்கா என்பதே கேள்வி. வழக்கமாக இப்படித்தான் பேசுகிறோம். கத்தியால் காய்கறியும் வெட்டலாம் கழுத்தும் வெட்டலாம் என்று சொல்லாத மேடைப்பேச்சு இந்த விஷயத்தில் அரிது. இலங்கையின் வடக்கே வன்னியின் மிதிவெடி நிலங்களை முன்னால் வைத்து யோசித்தால் அந்தப் பேச்சு போதாது என்று தெரிகிறது. மிதிவெடி நல்லவர் கையில் இருந்ததா கெட்டவர் கையில் இருந்ததா என்று கேட்டுப் பயனில்லை. புதைத்த நாளுக்குப் பிறகு அது யார் கையிலும் இல்லை.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்வது ஒரே ஒரு நிலத்தை. இலங்கை இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நடுவே, கிளாலியில் தொடங்கி முகமாலை வழியாக வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில் வரை போன பழைய முன்னரங்கு அது. ஒன்றைச் செய்துவிடும் ஆற்றல் வளர்ந்த அளவுக்கு, செய்ததைத் திரும்பப் பெறும் ஆற்றல் ஏன் வளரவில்லை? அந்த இடைவெளியை யார் தங்கள் உடம்பால் நிரப்பினார்கள்? இவ்வளவுதான் கேள்வி.

நிலமும் அதன் காலமும்

முகமாலை கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் வரும்போது கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் தாண்டினால் முகமாலை. அதன் பிறகு பளை, இயக்கச்சி, ஆனையிறவு. வரைபடத்தில் அது குடாநாட்டின் கழுத்து. யுத்தகால வழக்கில் வன்னியின் வடக்கு வாசல். தெற்கு வாசல் ஓமந்தை. நல்ல மணல் நிலம், தென்னைக்குப் பேர்போன இடம். தோண்டுவதற்கு இலகுவான மண் என்பதால்தான் தென்னையும் நன்றாக வந்தது, பதுங்குகுழியும் நன்றாக வந்தது, மிதிவெடியும் சுலபமாகப் புதைபட்டது.

2000 ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு முகாம் புலிகளிடம் விழுந்த பிறகு சண்டைக்கோடு வடக்கே நகர்ந்து இந்த வரிசையில் நின்றுவிட்டது. 2001 ஏப்ரலில் இராணுவம் 'அக்னி கீல' என்ற பெயரில் முன்னேறப் பார்த்துப் பெரும் இழப்போடு திரும்பியது. 2006 ஒக்டோபரிலும் 2008 ஏப்ரலிலும் இதே நிலத்தில் பெரிய சண்டைகள் நடந்தன. கோடு கொஞ்சம் முன்னும் பின்னும் அசைந்தது, இடம் பெயரவில்லை. ஒரே நிலத்தில் இவ்வளவு காலம் இரண்டு பக்கமும் காவல் நின்றால் என்ன நடக்கும்? இரண்டு பக்கமும் தங்கள் முன்னால் புதைத்தார்கள். மழைக்குப் பிறகு புதைத்தார்கள், சண்டைக்குப் பிறகு புதைத்தார்கள், பழையது இருக்கும்போதே அதன் மேல் புதியதைப் புதைத்தார்கள். நாட்டிலேயே மிதிவெடி செறிவு மிகக் கூடிய இடங்களில் ஒன்றாக முகமாலை ஆனது இப்படித்தான்.

நடுவில் ஒரு வினோதமான காலமும் இருந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு வந்து ஏ-9 திறந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரசன்னத்தோடு சனம் ஒரு சோதனைச் சாவடியிலிருந்து மற்றச் சாவடிக்குச் சூனியப் பிரதேசத்தைக் கடந்து போனது. கலியாணத்துக்குப் போனவர்களும் கடவுச்சீட்டு எடுக்கப் போனவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் அதே வீதியால்தான் போனார்கள். தார் வீதி சுத்தம், வீதியோரம் மரணம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் இரண்டு பக்கமும் நின்றன. வீதியை மட்டும் துப்புரவாக்கிவிட்டு மற்றதை அப்படியே விட்டு ஒரு சமாதானத்தை நடத்தலாம் என்று நாம் எல்லோரும் அப்போது நம்பினோம். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சியும் 9ஆம் திகதி ஆனையிறவும் இராணுவத்திடம் போயின. அந்த நாட்களோடு முகமாலை முன்னரங்கில் காவல் நின்ற இரண்டு பக்கத்தாருக்கும் அங்கே வேலையில்லாமல் போனது. மே மாதம் யுத்தமும் முடிந்தது. மிதிவெடிகள் மட்டும் காவலில் நின்றன. மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து சனம் திரும்பத் தொடங்கியபோது வன்னியின் மற்ற ஊர்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முகமாலைக்காரர் தங்கள் காணியை ஏ-9 வீதியிலிருந்து பஸ் யன்னலால் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் பளையிலும் வேறு இடங்களிலும் காத்திருந்தார்கள். காணி துண்டுதுண்டாகத்தான் கைக்கு வந்தது.

பொருள்

இந்த நிலத்தில் கிடந்தவை பல வகை. பாக்கிஸ்தான் தயாரிப்பான பி-4, சீனத் தயாரிப்பான டைப் 72, இவற்றோடு புலிகளின் சொந்தத் தயாரிப்புகள். வன்னியில் 'ஜொனி' என்றால் விளக்கம் தேவையில்லை. ஆரம்பத்தில் சிறிய மரப்பெட்டியாக வந்தது. பின்னால் வந்த ரங்கன் 99 பி-4ஐப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக் வகை. மரம் உக்கும், பிளாஸ்டிக் உக்காது. தயாரிப்பாளர் கண்ணில் இது முன்னேற்றம்தான்.

பி-4, டைப் 72 போன்ற சிறிய வகைகளில் வெடிமருந்து 30 முதல் 50 கிராம் வரைதான். ஒரு ஆளைக் கொல்ல அது அநேகமாகப் போதாது, காலை எடுக்கப் போதும். அந்த அளவு தற்செயலாக வந்ததல்ல. செத்தவனை விட்டுவிட்டு மற்றவர்கள் முன்னேறலாம், ஆனால் கால் போனவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், வாகனம் வேண்டும், இரத்தம் வேண்டும், வைத்தியர் வேண்டும். எதிரியின் கருணையை எதிரிக்கே சுமையாக்கும் கணக்கு அது. யாரோ ஒரு பொறியியலாளர், அநேகமாக நல்ல மனிதர், மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு விளையாடியவர், இந்தக் கிராம் கணக்கை ஒரு தாளில் போட்டிருப்பார்.

உலோகத்தின் கணக்கும் அப்படித்தான். இரண்டாம் உலக யுத்த மிதிவெடிகளில் இரும்பு நிறைய இருந்தது, உலோகங்காட்டிக் கருவி கண்டுபிடித்துவிடும். ஆகவே பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ஊசி, வில் போன்ற சில சின்னத் துண்டுகள் தவிர உலோகமே இல்லாத நிலைக்குக் கொண்டுவந்தார்கள். எதிரிப் படையின் பொறியியல் பிரிவு கண்டுபிடிக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். எதிரிப் படை கலைந்த பிறகு அதே குணம் விறகு பொறுக்கப் போகிறவரிடமிருந்தும், மாடு சாய்க்கப் போகும் பிள்ளையிடமிருந்தும் மறைந்து நிற்கிறது. வடிவமைத்தவர் எதிரி என்று ஒருவரை மட்டும் மனதில் வைத்திருந்தார். பொருளுக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதற்குத் தெரிந்தது அழுத்தம் மட்டுமே, அதுவும் சில கிலோ போதும்.

இன்று உலகம் தானாக இயங்கும் ஆயுதங்களைப் பற்றி மிகவும் கவலைப்படுகிறது. மனிதர் நடுவில் இல்லாமல் இயந்திரமே இலக்கைத் தெரிந்து கொல்லலாமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் எங்களுக்கு இது புதிய கேள்வியா? உணரும் ஒரு பாகம், அந்த உணர்வுக்கு ஒரு எல்லை, எல்லை தாண்டினால் ஒரு செயல், நடுவில் ஆள் இல்லை. மிதிவெடியும் அதுவேதான். மிக மடத்தனமான வகை, அவ்வளவுதான். வன்னி தானியங்கி ஆயுதத்தோடு பல வருடம் குடித்தனம் நடத்திய இடம். அந்த விவாதத்தில் எங்களுடைய அனுபவத்துக்கு ஒரு நாற்காலி கிடைக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

வன்னிக் கமக்காரருக்கு இந்தப் பிரச்சினையின் சின்ன வடிவம் ஒன்று வீட்டிலேயே தெரியும். பன்றி வராமல் வயலோரம் கட்டும், தட்டுப்பட்டால் தானாகச் சுடும் கட்டுத்துவக்கு. சட்டவிரோதம், ஆட்களும் அதில் மாட்டுகிறார்கள், நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆனாலும் கட்டியவர் இரவில் கட்டிவிட்டு விடியப் போய் அவிழ்க்கிறார். எங்கே கட்டியது என்று அவருக்குத் தெரியும், பக்கத்து வயல்காரருக்கும் அநேகமாகச் சொல்லியிருப்பார். யாராவது மாட்டினால் ஊரில் அவர் முகம் கொடுக்கவேண்டும். கட்டியவருக்கும் கட்டியதற்கும் உள்ள கயிறு அறுபடுவதில்லை. முகமாலையில் அந்தக் கயிறு அறுந்தது. புதைத்தவர்களில் பலர் செத்துவிட்டார்கள், சிலர் வெளிநாட்டில், சிலர் மாத்தறையிலோ அனுராதபுரத்திலோ ஓய்வூதியத்தில் இருக்கலாம். இருப்பவர்களைக் கூட்டிவந்து காட்டச் சொன்னாலும் பத்துவருட மண்ணில் எதைக் காட்டுவார்கள்?

அவசியம் என்ற வாதம்

புதைத்தவர்களின் பக்கத்தையும் சரியாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இது ஆய்வாக இருக்காது.

நீண்ட கோடு, குறைந்த ஆட்கள். இரவு, மழை, பனை வடலிக்குள் ஊர்ந்துவரும் எதிரி. காவலில் நிற்பவனுக்குப் பதினெட்டோ இருபதோ வயது. தனக்கு முன்னால் நிலத்தில் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவன் கண்ணை மூடினான். இரண்டு பக்கத்துக்கும் இது பொருந்தும். மிதிவெடி ஆட்களுக்குப் பதிலாக நின்றது. அந்த அளவில் அது புதைத்த பக்கத்தின் உயிர்களைக் காப்பாற்றியதும் உண்மை. தன் பிள்ளை அந்தக் காவலில் நின்ற ஒரு தாயிடம் போய், மிதிவெடி அறமற்றது என்று பாடம் நடத்த எனக்குத் துணிவில்லை.

ஆனால் இந்த வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அது சொல்லும் நன்மை ஒரு இரவுக்கானது, ஒரு பருவத்துக்கானது, அதிகம் போனால் அந்தக் கோடு நிற்கும் வரைக்குமானது. வாங்கிய கடனுக்குத் தவணை அதோடு முடியவில்லை. எகிப்தின் எல் அலமைன் பாலைநிலத்தில் 1942இல் புதைத்தவை இன்றும் கிடக்கின்றன. அந்தச் சண்டையில் எகிப்தியருக்குப் பங்கும் இல்லை, பலனும் இல்லை. அவசியம் என்று ஒருவர் சொல்லும்போது அந்த அவசியத்துக்கு ஒரு முடிவுத் திகதி இருக்கிறதா என்று கேட்கவேண்டும். திகதி இருக்கும் அவசியத்துக்கு, திகதி இல்லாத கருவியைப் பயன்படுத்தினால் மிச்சக் காலத்துக்கு யார் பொறுப்பு? முகமாலை விவகாரத்தில் எனக்குக் குற்றமாகத் தெரிவது இந்த இடம்தான். வெறுப்போ கொடூரமோ இதற்குத் தேவைப்படவில்லை. அவசரமும் ஒரு மலிவான பொருளும் சேர்ந்தாலே போதுமாக இருந்தது.

மலிவு என்பதும் சாதாரண விஷயமில்லை. 1990களில் ஐக்கிய நாடுகள் சபை வழக்கமாகச் சொன்ன கணக்குப்படி மலிவான மிதிவெடி ஒன்றைச் செய்ய 3 டொலரே போதும், எடுக்க 300 முதல் 1000 டொலர் வரை ஆகும். ஒரு பொருளின் விலையில் அதை அகற்றும் செலவும் சேர்ந்திருந்தால், அந்தப் பொருளை இவ்வளவு தாராளமாக யாரும் பாவித்திருக்க மாட்டார்கள். அணு உலைக்கழிவு, பிளாஸ்டிக் போத்தல், நிலத்தடி நீருக்குள் இறங்கும் களைநாசினி, எல்லாவற்றிலும் இதே கதைதான் ஓடுகிறது.

எடுப்பது

கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் வன்னிக்கு 2002ஐ ஒட்டி வந்தன. ஹலோ டிரஸ்ட், மக் ஆகிய பிரித்தானிய நிறுவனங்கள், நோர்வேயின் மக்கள் உதவி அமைப்பு, இந்திய முன்னாள் படையினரின் நிறுவனங்கள், யுத்தத்துக்குப் பிறகு டாஷ், ஷார்ப் என்ற உள்ளூர் நிறுவனங்கள். இராணுவத்தின் பொறியியல் பிரிவும் இந்த வேலையைச் செய்தது. 2010இல் தேசிய அளவில் இதற்கென ஒரு நிலையம் தொடங்கியது. முகமாலையில் பெரும்பகுதி வேலையைச் செய்தது ஹலோ.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் இந்த ஆய்வின் கேள்வி விளங்கும். புத்தகத்தில் இருக்கும் முறை, உலோகங்காட்டியை நிலத்துக்கு மேலால் கொண்டுபோய், சத்தம் வந்த இடத்தில் முழந்தாளிட்டுச் சிறிய கருவியால் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டிப் போவது. முகமாலையில் இது பெரும் தொல்லை. பல வருடம் பீரங்கிச் செல் விழுந்த நிலம். ஒவ்வொரு சதுர மீற்றரிலும் செல் துண்டு, ரவைக் கோது, முள்ளுக்கம்பி. கருவி நிற்காமல் கத்தும். தேடப்படும் பொருளிலோ உலோகம் இல்லாத குறை. வேண்டாத இரும்பு எல்லாம் கூப்பிடுகிறது, வேண்டிய பொருள் வாயே திறக்காது.

ஆகவே வன்னியில் இன்னொரு முறை வளர்ந்தது: வாரி, தோட்டத்தில் குப்பை கூட்டும் வாரி. ஆள் துப்புரவான நிலத்தில் நின்றுகொண்டு, முன்னால் இருக்கும் மண்ணை நீண்ட பிடியுள்ள வாரியால் கொஞ்சங் கொஞ்சமாகத் தன் பக்கம் இழுக்கிறார். கெட்டியான மண்ணுக்குக் கனமான வாரி, இளகிய மண்ணுக்கு இலேசானது. மிதிவெடி மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும். வாரியின் பற்கள் பக்கத்திலிருந்து தொடுகின்றன, அதனால் பெரும்பாலும் பொருள் வெடிக்காமல் மண்ணோடு வெளியே தலைகாட்டும். பெரும்பாலும் என்றுதான் எழுதமுடிகிறது. உலோகம் இருக்கிறதா இல்லையா என்ற கவலை இல்லை, இவ்வளவு ஆழத்துக்கு மண் முழுவதையும் புரட்டியாயிற்று என்ற உறுதி கிடைக்கிறது. கவசம் போட்ட மண்வெட்டி இயந்திரங்களும் உண்டு. ஆனாலும் கடைசிச் சொல் மனிதக் கைக்குத்தான்.

ஒரு ஆள், முகத்துக்குக் கண்ணாடிக் கவசம், உடம்புக்குக் கனமான அங்கி, ஒரு மீற்றர் அகலமான ஒரு ஒழுங்கை. வன்னி வெயிலில். ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் முன்னேறியது சில சதுர மீற்றர். செய்மதியிலிருந்து முகமாலையின் ஒவ்வொரு தென்னையையும் எண்ணக்கூடிய காலத்தில், அந்தத் தென்னையின் அடியில் இருப்பதை எடுக்க வாரியைவிட நல்ல கருவி வரவில்லை. அறிவு இல்லாததாலா வரவில்லை? புதைக்கும் கருவியை வாங்குவதற்குப் படைகளிடம் வரவுசெலவுத் திட்டம் இருந்தது. எடுக்கும் கருவிக்குத் தானம் வாங்கவேண்டியிருந்தது. ஆராய்ச்சிப் பணம் எங்கே பாய்கிறதோ அங்கேதான் முன்னேற்றம் நடக்கிறது. தொழில்நுட்பம் தன்பாட்டில் வளர்கிறது என்று சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

அப்புறம், வாரி பிடித்தது யார்? பெரும்பங்கு உள்ளூர்ச் சனம், அதில் கணிசமானோர் பெண்கள். கணவரை யுத்தத்தில் இழந்தவர்கள், காணாமற்போனவர்களைத் தேடுபவர்கள், தனியே குடும்பம் நடத்துபவர்கள். விடியற்காலையில் வாகனம் வந்து ஏற்றிப்போகும். மாதச் சம்பளம் நிச்சயம். மீள்குடியேறிய வன்னியில் மாதச் சம்பளம் என்பது நுண்கடன்காரர் வாசலுக்கு வரும்போது முகம் பார்த்துப் பேசக்கூடிய பலம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இவர்களைப் பற்றி எழுதும்போது வீரம் என்ற சொல்லைத் தாராளமாகப் போடுகின்றன. வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் வசதியான சொல்லும்கூட. வேறு வேலை இருந்திருந்தால் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்ற கேள்வியை அது மூடிவிடுகிறது. புதைத்ததில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள், புதைத்ததால் அதிகம் இழந்தவர்கள், எடுக்கும் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். வேலை முடிய முடிய வேலை இல்லாமல் போகும் வேலை வேறு.

இந்தச் செலவைத் தந்தது தூரத்து நாடுகளின் நன்கொடை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது உலகின் பல இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலைகளும் அதோடு நின்றன. வொஷிங்டனில் ஒரு கையெழுத்து, இன்னொரு கண்டத்தில் யாரோ ஒருவருடைய வாரி கீழே வைக்கப்படுகிறது. புதைந்திருப்பவற்றுக்கு நன்கொடை தேவையில்லை.

சட்டம் எதைப் பிடித்தது, எதை விட்டது

மிதிவெடி பற்றி இரண்டு வகையான சட்டங்கள் உண்டு, இரண்டும் இரண்டு வகையான அறத்தைப் பேசுகின்றன.

முதலாவது, 1996இல் திருத்தப்பட்ட சில மரபுவழி ஆயுதங்கள் பற்றிய உடன்படிக்கையின் இரண்டாம் நெறிமுறை. அது மிதிவெடியைத் தடைசெய்யவில்லை, ஒழுக்கமான மிதிவெடியாக மாற்றப் பார்த்தது. உலோகங்காட்டியில் குறைந்தது 8 கிராம் இரும்பு தரும் அளவுக்குச் சைகை வரவேண்டும், கண்டுபிடிக்க முடியாத மிதிவெடி கூடாது. புதைத்த இடத்தைப் பதிவுசெய்யவேண்டும். தூரத்திலிருந்து வீசப்படும் வகையாக இருந்தால் 100இல் குறைந்தது 90 மிதிவெடி 30 நாளுக்குள் தானாக அழியவேண்டும். 120 நாளுக்குப் பிறகு செயற்படும் நிலையில் இருப்பது 1000இல் 1க்கு மேல் போகக்கூடாது. இலங்கை 2004இல் இந்த நெறிமுறையில் சேர்ந்தது. புலிகள் அரசு இல்லை என்பதால் எதிலும் சேரமுடியாது. 2006இல் யுத்தம் திரும்ப வந்தது.

அந்த 8 கிராமை நான் மதிக்கிறேன். பலத்தைச் செய்பவரே அதைத் திரும்பக் கண்டுபிடிக்கும் வழியையும் உள்ளே வைக்கவேண்டும் என்று ஒரு சட்டம் இரும்பாலேயே சொன்னது. ஆனால் அந்த 1000இல் 1? தாளில் பார்த்தால் அற்புதமான எண். முகமாலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். மிதிவெடி நிலத்தைத் துப்புரவாக்கும் செலவு உள்ளே எத்தனை மிதிவெடி இருக்கிறது என்பதில் பெரிதாகத் தங்கியில்லை, எவ்வளவு நிலம் சந்தேகத்தில் இருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. ஒரு ஏக்கருக்குள் 100 இருந்தாலும் 1 இருந்தாலும் வாரி பிடிப்பவர் ஒரு ஏக்கரையும் இழுத்தே ஆகவேண்டும். 1 மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லி யாரும் தன் பிள்ளையை அங்கே விளையாட விடமாட்டார். தொழிற்சாலையில் 99.9 சதவீதம் வெற்றி. காணிக்காரருக்கு அது பூச்சியம். புத்திசாலியான ஆயுதங்கள் பற்றி வரும் உறுதிமொழிகளை நான் இந்தக் காணிக்காரரின் இடத்திலிருந்துதான் வாசிக்கிறேன்.

இரண்டாவது, 1997இல் ஒட்டாவாவில் கையெழுத்தாகி 1999 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த தடை. இது ஒழுக்கம் கற்பிக்க முயலவில்லை, வேண்டாம் என்றது. இலங்கை இதில் சேர்ந்தது 2017 டிசம்பரில். பிந்திவிட்டது, ஆனாலும் சேர்ந்தது. கையிருப்பில் இருந்தவற்றையும் அழித்தது. நிலத்தைத் துப்புரவாக்க அதற்கு 2028 ஜூன் 1 வரை காலம்.

இதை முன்னேற்றம் என்று எழுதி முடித்திருப்பேன், 2025 வராமல் இருந்திருந்தால். அந்த வருடத்தில் எஸ்தோனியா, லட்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகளும் ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தன. காரணம், பக்கத்தில் ரஷ்யா. நீண்ட எல்லை, குறைந்த ஆட்கள். முகமாலைக் காவலில் நின்ற இருபது வயதுக்காரனின் வாதம் சொல் மாறாமல். அவர்களுடைய பயம் பொய்யென்று நான் சொல்லவில்லை. வசதியான, படித்த, சட்டத்தை மதிக்கும் நாடுகளே பயம் வந்தவுடன் இந்தப் பொருளைத்தான் தேடுகின்றன என்றால், அறத்தை ஆட்களின் நல்ல மனதில் மட்டும் கட்டமுடியாது என்பதுதான் தெரிகிறது. பயம் வருவதற்கு முன்னால், பொருளைச் செய்யும் மேசையில், அதைத் திரும்ப எடுக்கும் வழியும் அதற்கான பணமும் எழுதப்படவேண்டும்.

தானியங்கி ஆயுதங்கள் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் 152 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. அது பற்றிய பேச்சுகள் ஜெனிவாவில் நடப்பது மேலே சொன்ன அதே 8 கிராம் உடன்படிக்கையின் கீழ்தான். அங்கே அதிகம் அடிபடும் பேச்சு, சுடும் முடிவில் மனிதரின் கட்டுப்பாடு இருக்கவேண்டும் என்பது. முகமாலையைப் பார்த்தவர் கூடுதலாக ஒன்று கேட்பார்: ஏவிய பிறகு நிறுத்தமுடியுமா? ஏவிய அமைப்பே இல்லாமல் போனால் யார் நிறுத்துவது? மிதிவெடி விஷயத்தில் சுடும் முடிவை எடுத்தது மனிதர்தான், தெளிவாக, கட்டளையோடு. கட்டுப்பாடு போனது அதற்குப் பிறகு.

2028க்குப் பிறகு

ஜூன் 1, 2028 அன்றோ, காலம் நீட்டினால் அதற்குப் பிறகு ஒரு நாளோ, நாடு மிதிவெடியற்றது என்று அறிவிக்கப்படும். விழா நடக்கும். நிறுவனங்கள் வாகனங்களை ஏற்றிக்கொண்டு போகும். அதற்குப் பிறகு முகமாலையில் ஒருவர் கிணறு வெட்டும்போது, அல்லது நாகர்கோவில் பக்கம் மழை மணலை அரித்த பிறகு, பச்சை நிறத்தில் வட்டமாக ஒன்று தலைகாட்டத்தான் போகிறது. முடிந்துவிட்டது என்று அறிவித்த நாடுகளிலும் பிறகு மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. பெல்ஜியத்தில் முதலாம் உலக யுத்தத்துச் செல்களைக் கமக்காரர் இன்னும் உழும்போது எடுக்கிறார்கள். வயலோரம் வைத்துவிட்டு அறிவித்தால் இராணுவத்தின் ஒரு நிரந்தரப் பிரிவு வந்து எடுத்துப்போகும். நூறு வருடத்துக்கு மேலாக இது அங்கே குப்பை வண்டி போல ஒரு சாதாரண அரச சேவை.

வன்னிக்குத் தேவை அப்படி ஒரு சாதாரண சேவை. அதை நன்கொடையில் நடத்தக்கூடாது, அரச வரவுசெலவுத் திட்டத்தில் தலைப்புப் போட்டு எழுதவேண்டும். மண்டையோட்டுப் பலகையைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இப்போது பெற்றோராகிவிட்டது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பி-4 எப்படி இருக்கும் என்று தெரியாது. பாடசாலைகளில் நடந்த மிதிவெடி விழிப்புணர்வு வகுப்புகளை அறிவிப்போடு சேர்த்து முடித்துவிடக்கூடாது. வாரி பிடித்து அனுபவம் பெற்ற பெண்களில் சிலரையாவது மாவட்டச் செயலகத்தின் கீழ் நிரந்தர வேலைக்கு எடுக்கலாம். இந்த மண்ணில் எது எங்கே எப்படிக் கிடந்தது என்பது அவர்களைவிட வேறு யாருக்கும் தெரியாது. துப்புரவான காணிகளின் பதிவுகள், எவ்வளவு ஆழத்துக்கு, எந்த முறையில், எந்த வருடம் என்ற விபரங்களோடு, தமிழில், கிராம அலுவலரிடம் இருக்கவேண்டும். காணி வாங்குபவர் உறுதிப் பத்திரத்தைப் பார்க்கும்போது இதையும் பார்க்கட்டும்.

இன்னொன்று. சனம் இல்லாத வருடங்களில் காடு மண்டிய காணிகளை வனத்துக்குரியவை என்று எல்லைக்கல் போட்டது பற்றி வன்னி முழுவதும் முறைப்பாடுகள் இருக்கின்றன. வெடி பயத்தில் உள்ளே போகமுடியாமல் இருந்த காலத்தைக் கைவிட்ட காலமாகக் கணக்கிடுவது எந்த நியாயம் என்று தெரியவில்லை. அந்த வழக்குகளில் துப்புரவுப் பதிவுகளே காணிக்காரரின் சாட்சி. அவற்றை நிறுவனங்கள் மூட்டை கட்டுவதற்கு முன்னால், இப்போதே, பிரதி எடுத்து வைக்கவேண்டும்.